குளிர் தெரியாதவர்

எங்கள் குடியிருப்பில் ஒன்பது நாள் ஹீட்டர் ஓடாமல் இருந்த வீடு அவருடையது. பனி கொட்டும் பிளெய்ன்ஸ்பரோவில், அதுவும் ஜனவரியில். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பை இரவல் வாங்குவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்த்தளத்திலிருந்த அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் கனத்த ஜாக்கெட்டும் குல்லாயும் போட்டிருந்தார். எங்கோ கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, "அப்புறம் வரேண்ணா" என்றேன்.

"எங்கயும் போகலீங்க. உள்ள வாங்க தம்பி."

உள்ளே அவர் மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் ஜீன்ஸைத் தாண்டிக் குளிர் ஏறியது.

"ஹீட்டர் ரிப்பேராண்ணா?"

"ரிப்பேருன்னு சொல்ல முடியாதுங்க. ஓடல, அவ்வளவுதான்."

"லீசிங் ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லலாம்ங்க. இந்தக் குளிர்ல அவங்களுக்கு எத்தன வீட்டு வேலை இருக்குமோ."

குடியிருப்பைப் பராமரிக்கும் அந்த ஆபீஸுக்கு அங்கேயே உட்கார்ந்து நான்தான் ஃபோன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். போகும்போது அந்த ஆளின் கையைப் பிடித்து, இவர் இரண்டு முறை 'ஸாரி' சொன்னார். எதற்கு மன்னிப்பு என்று அந்த ஆளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நூவர்க்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே தவறு என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அலுவலகத்தில் அதைக் கறாராகவே செய்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தன் விஷயம் என்று வந்துவிட்டால் மட்டும் உலகத்தில் எங்கும் எந்தத் தவறும் இருக்காது. எல்லாம் நல்லா இருக்கும்.

ஓட்டலில் வெங்காய ரவா கேட்டு, ஆறிப்போன இட்லி வந்தால் இட்லியைச் சாப்பிடுவார். முடிவெட்டுபவர் கவனக்குறைவாக ஒரு பக்கம் ஒட்ட வழித்துவிட்டால், மறுபக்கத்தையும் அப்படியே வழித்துவிடச் சொல்லிவிட்டு வருவார். ஒருமுறை பல் பிடுங்கப் போயிருந்தார். மரத்துப்போவதற்குப் போட்ட ஊசி சரியாக ஏறவில்லை. வாயைத் திறந்து சொல்லாமலே பல்லைப் பிடுங்கக் கொடுத்துவிட்டு வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. "வலிக்கலையாண்ணா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "டாக்டரம்மா ரொம்ப நல்ல மாதிரிங்க" என்றார்.

இதையெல்லாம் எங்கள் வட்டாரத்தில் சிரித்துக்கொண்டு சொல்வோம். அவரோடு இருப்பது அவ்வளவு சுலபம். எந்தப் படம் என்றாலும் வருவார், எந்தப் பக்கம் என்றாலும் உட்காருவார். நான் அதற்கு நேர் எதிர். காப்பியில் சர்க்கரை அரைக் கரண்டி கூடினால் முகம் மாறிவிடும் என்று என் மனைவி சொல்வாள். அவரோடு பழகிய பிறகு நானும் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டிருக்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

அவர்களிடம் ஒரே கார்தான். மனைவி குழந்தைகள் டேகேரில் ஆசிரியை. வேலை எதிர்த் திசையில் இருந்ததால் காரை அவர் எடுத்துக்கொண்டுபோவார். இவர் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்கு மூன்று மைல் சைக்கிளில் போய் ரயில் பிடிப்பார். மழை, பனி எதற்கும் நிறுத்தியதில்லை. அந்த வருடம் என் மனைவிக்கும் புது வேலை கிடைத்து எங்கள் கார் அவளோடு போய்விட, செப்டம்பரில் நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். முன்னால் அவர், பின்னால் நான். மேட்டில் எனக்கு மூச்சு வாங்குவது கேட்டால் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

நவம்பர் கடைசியில் குளிர் இறங்கியது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் கால்விரல்கள் முதலில் எரியும், பிறகு வலிக்கும், பிறகு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ரயிலில் ஷூவைக் கழற்றிவிட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டே போவேன். அவரோ சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூ, மெல்லிய காட்டன் சாக்ஸ்.

"எப்படிண்ணா தாங்கறீங்க?"

"எனக்குக் கால்ல ஒண்ணுமே தெரியறதில்லீங்க" என்று சிரித்தார்.

அதைக் குடியிருப்பு முழுவதும் பரப்பியவன் நான்தான். "அண்ணாவுக்குக் குளிரே தெரியாது" என்று பெருமையாகச் சொல்வேன். ஒரு மனிதர் தன் உடம்பைப் பற்றிய உண்மையை அப்பட்டமாகச் சொல்லியிருக்கிறார். நான் அதை வீரம் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருப்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பண்டிகைக்கும் அவருக்குச் சர்க்கரை இல்லாத பாயசத்தைத் தனியாக எடுத்து வைப்பவள் என் மனைவி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

குளிர்கால சைக்கிள் ஷூ வாங்க நான்தான் புறப்பட்டேன். அவரைத் துணைக்கு அழைத்தேன். போகிற வழியில், "நீங்களும் ஒண்ணு வாங்கிக்கங்கண்ணா" என்றேன். "சரிங்க" என்றார்.

அந்தக் கடையில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி இருந்தார். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கே உரிய ஒடிசலான உடம்பு. என்னைப் போல் ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார். மாலையில் வந்தது நல்லது, பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுக்குத்தான் ஷூ வேண்டும் என்றார். கம்பளி சாக்ஸைக் கொடுத்து அதோடு போட்டுப் பார்க்கச் சொன்னார். குளிர்கால ஷூ இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத கால் எவ்வளவு தடித்த ஷூவுக்குள்ளும் குளிரத்தான் செய்யும் என்றார். விரல்கள் உள்ளே தாளம் போட இடம் இருக்க வேண்டும், குதிகால் மட்டும் அசையக் கூடாது. நான் ஆறு ஜோடி மாற்றினேன். ஒன்றில் கணுக்கால் பட்டை உறுத்தியது, ஒன்றில் குதிகால் எழும்பியது, ஒன்றின் நிறம் பிடிக்கவில்லை.

அவர் முதல் ஜோடியைப் போட்டார், கயிற்றைக் கட்டினார், கையைக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"எப்படி இருக்கிறது?" என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார்.

"வெரி நைஸ்."

பெண்மணி குனிந்து ஷூவின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இந்த இடம் நெருக்கமாகத் தெரிகிறதே, அரை அளவு பெரிதாகத் தரட்டுமா என்றார். அப்போதுதான் அவர் எனக்காக ஏணியில் ஏறி இறங்கி வந்திருந்தார்.

"நோ, நோ. ப்ளீஸ். இட் ஈஸ் பெர்ஃபெக்ட்."

பெண்மணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆறு ஜோடி கேட்டதில் எனக்கே கூச்சமாக இருந்தது. "அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் பிறகு பல நாள் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் இன்னொரு காரியமும் செய்தேன். கால்விரல்களுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பட்டைகள் கடைகளில் கிடைக்கும். உறையைக் கிழித்துக் காற்றுப் பட்டால் தானாகச் சூடாகும், ஆறு மணி நேரம் தாங்கும். ஒரு பெரிய பெட்டி வாங்கிப் பாதியை அவரிடம் கொடுத்தேன். "அட, எனக்கெதுக்குங்க" என்றார். "வெச்சுக்கங்கண்ணா, நம்ம ரெண்டு பேருக்கும்தான் வாங்கினேன்" என்றேன். மறுநாளிலிருந்து காலையில் சைக்கிள்களை நிறுத்தும் கொட்டகையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உறையைக் கிழிப்போம். எனக்கு அது பிடித்திருந்தது.

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எட்டுக் குடும்பங்கள் கூடினோம். வாசலில் ஷூக்கள் குவிந்து கிடந்தன. அவர் வழக்கம்போலத் தட்டுகளை எடுத்துக்கொடுப்பதும் வடையை எல்லோருக்கும் கொண்டுபோய் வைப்பதுமாக நடந்துகொண்டிருந்தார். என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"கார்ப்பெட்டைப் பாருங்க."

வெளிர் நிறத் தரைவிரிப்பில் சமையலறையிலிருந்து ஹால் வரை வரிசையாகக் கறைகள். ஒரு காலின் அளவு இடைவெளி விட்டுவிட்டு. மஞ்சளும் பழுப்பும் கலந்த ஈரம். யாரோ சாம்பாரை மிதித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கறைகள் போய் முடிந்த இடத்தில் அவர் நின்றுகொண்டு, யாரிடமோ, "இன்னொரு வடை வைக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க கால்ல..."

குனிந்து பார்த்தார். வலது சாக்ஸின் முன்பகுதி நனைந்து கறுத்திருந்தது. அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். "ஐயோ, கார்ப்பெட்டைக் கெடுத்துட்டனே. ஒண்ணும் இல்லீங்க, நான் தொடச்சர்றேன்" என்று பேப்பர் டவலைத் தேடினார்.

அவர் மனைவி அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சாக்ஸைக் கழற்றினார். துணி தோலோடு ஒட்டியிருந்தது. மனைவி அதை இழுத்தபோது நாங்கள் நான்கைந்து பேர் முகத்தைச் சுளித்தோம். அண்ணா மட்டும் சுளிக்கவில்லை. விரல்களுக்கு அடியில் தோல் வெந்து உரிந்திருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

நான்தான் காரை ஓட்டினேன். எமர்ஜென்சியில் திரைக்குள்ளேயே என்னையும் இருக்கச் சொன்னார் அவர் மனைவி. இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்தார். மீன்பிடி நரம்பு போல ஒரு மெல்லிய இழையைக் காட்டி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இது எப்போதெல்லாம் உங்கள் பாதத்தில் படுகிறதோ அப்போதெல்லாம் 'யெஸ்' சொல்லுங்கள் என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் குதிகாலில் வைத்தார். "யெஸ்." பாதத்தின் நடுவில் வைத்தார். "யெஸ்." டாக்டர் கையை எடுத்துவிட்டார். இழை காற்றில் இருந்தது. "யெஸ்" என்றார் அவர். கொஞ்சம் இடைவெளி விட்டு, உதவியாக, இன்னொரு "யெஸ்" சொன்னார். டாக்டர் இழையை மேசையில் வைத்துவிட்டார். எதுவும் படாமலே மேலும் இரண்டு முறை அவர் ஆமாம் என்றார். அவர் மனைவி திரையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

காத்திருந்தபோது அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "கல்யாணமான புதுசுலங்க தம்பி, ரசத்துல உப்புக்குப் பதிலா சக்கரையப் போட்டுட்டேன். நல்லா இருக்குதுன்னு ரெண்டாவது டம்ளர் வாங்கிக் குடிச்சாரு. எப்பேர்ப்பட்ட மனுசன்னு அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம். இருபது வருசமா எல்லார்கிட்டயும் அதைச் சொல்லியிருக்கறேன். இப்ப நெனச்சா பயமா இருக்குதுங்க. இவருக்கு என்ன ஆச்சுன்னு நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

எழுந்து அண்ணாவின் படுக்கைக்குப் போனேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "உங்களுக்குத்தான் குளிரே தெரியலையே. அப்புறம் எதுக்குண்ணா அந்தப் பட்டையைத் தினமும் வெச்சீங்க?"

"நீங்க ஆசையா வாங்கிக் குடுத்தீங்க. வைக்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்ததால் ஷூ நெருக்கியதும் பட்டை சுட்டதும் அவருக்கு எட்டவேயில்லை என்றார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. மற்ற புண்கள் ஆற ஏப்ரல் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த அன்று நான் பார்க்கப் போனபோது, அவர் மனைவி மிச்சமிருந்த சூட்டுப் பட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பையோடு மாடி ஏறிய பத்துப் பன்னிரண்டு படிகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அதன் பிறகு இரண்டு மாதம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஒரு கைத்தடியோடு வண்டிகள் நிற்கும் இடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் அவரே படியேறி வந்தார். தடியைக் கதவில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க வராதது எனக்குக் கஷ்டமா இருக்குதுங்க."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போலிருந்தது போல. தரைவிரிப்பில் அந்தக் கறை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் ஆறிப்போச்சுங்க" என்றார். அவள் ஓடிப்போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்தாள். அன்று அந்த வீட்டில் இருந்த மூன்று பேருமே அதைப் பெரிய விஷயமாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டோம்.

திடீரென்று அவர் மாறிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. ஓட்டலில் தவறாக வந்ததைப் பிறகும் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் கால் டாக்டர் அவருக்கு ஒரு பாடம் போலச் சொல்லியிருந்தார்: உங்கள் பாதம் இனி உங்களிடம் எதையும் சொல்லாது, கண்ணிடமும் கையிடமும்தான் கேட்க வேண்டும். அடுத்த இலையுதிர்காலத்தில், சைக்கிள் ஓட்டலாம் என்று அந்த டாக்டரே அனுமதி கொடுத்தார். சரியான ஷூ வேண்டும், உள்ளே சூடு வைக்கிற வேலையே கூடாது, போய் இறங்கியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

அதே கடைக்குத்தான் போனோம். இந்த முறை அவர் மனைவியும் வந்தார். முந்தின மாலை அவரைக் காகிதத்தில் நிற்கவைத்து இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வந்திருந்தார். வலது பாதத்தின் ஓரத்தில் கோடு உள்வாங்கியிருந்தது.

நரைமுடிப் பெண்மணி ஒரு ஜோடியைப் போட்டுவிட்டு வழக்கம்போலக் கேட்டார். "எப்படி இருக்கிறது?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"ஐ டோன்ட் நோ" என்றார். "ஐ காண்ட் ஃபீல் மை ஃபீட். யூ ப்ளீஸ் செக்."

அந்தப் பெண்மணி ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஷூவுக்குள் இருக்கும் மெத்தைத் தகட்டை உருவியெடுத்து, அதைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பென்சில் கோட்டைவிடச் சிறியதாக இருந்தவற்றையெல்லாம் ஒதுக்கினார். கம்பளி சாக்ஸோடு போடவைத்துக் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். அவர் மனைவி ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டு, தையல் தடிப்பாக இருக்கிறதா, ஏதாவது உறுத்துகிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தடவினார். அண்ணா ஒவ்வொரு ஜோடியையும் பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு கழற்றிப் பாதத்தைப் பார்ப்போம். எங்காவது சிவந்திருந்தால் அது வேண்டாம்.

"இது வேண்டாங்க" என்று அவரும் ஒன்றைத் தள்ளினார். அதில் சிவப்பு எதுவும் இல்லை. "ஏன்?" என்றேன். "பாக்க நல்லா இல்லீங்க" என்றார். அவர் மனைவி சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழாவது ஜோடி அமைந்தது. முன்பு வாங்கியதை விட ஒன்றரை அளவு பெரியது, முன்பக்கம் அகலமானது, கணுக்காலுக்கு மேல்வரை காற்றுப் புகாமல் மூடுவது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சேர்ந்து போனோம். அடுத்த கோடையில் அவருக்கு வேலை மாறி, டெக்சாஸில் சுகர் லேண்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே குளிரும் இல்லை, ரயிலும் இல்லை, ஃப்ரீவேயில் காரோட்டித்தான் வேலைக்குப் போகிறார். எப்போதாவது ஃபோனில் பேசுகிறோம். ஆனால் அவர் என்று நினைத்தால் எனக்கு அந்த டிசம்பர் மாதக் காலை ஒன்றுதான் வருகிறது.

அன்று கடும் குளிர். மூக்கு நுனியில் உயிரே இல்லை. பிளாட்ஃபாரத்தில் ஐம்பது அறுபது பேர் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். நான்கு விரல்களே உள்ள வெறும் பாதத்தை எல்லோரும் பார்க்கும்படி முழங்கால்மேல் தூக்கிவைத்துக் குனிந்தார். இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தார். திரும்பத் திரும்பப் பனி படர்ந்தது.

"தம்பி, கண்ணாடில ஒண்ணும் தெரியல. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

என்னிடம் அதுவரை எதையும் கேட்டறியாத மனிதர். நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் மண்டிபோட்டேன். கையுறைகளைக் கழற்றிவிட்டு அவர் பாதத்தை இரண்டு கைகளிலும் வாங்கினேன். குதிகாலைப் பார்த்தேன். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன். தழும்பின் ஓரத்தைப் பார்த்தேன்.

"எங்காச்சும் செவந்திருக்குதுங்களா?"

"இல்லண்ணா. சுத்தமா இருக்கு."

பாதத்தை விடவில்லை. மூன்று மைல் குளிரில் விறைத்துப்போன என் விரல்களுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"அண்ணா, உங்க கால் சூடா இருக்கு."

"அப்படீங்களா?" என்றார்.

நம்பாதவர் போலக் குனிந்து, என் கைகளுக்குள் இருந்த தன் பாதத்தைத் தானும் தொட்டுப் பார்த்தார். ரயில் வந்து நின்று கதவுகள் திறந்தன. நாங்கள் இருவரும் உடனே எழவில்லை.